வாளியில் வந்தவர்கள்

"நான் எங்க உக்காரணும், தீபம்?"

அண்ணனைக் கட்டி இன்பமணி மைனி இந்த வீட்டுக்கு வந்த அன்று என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. கல்யாணச் சேலையோடு முன்னறையின் நடுவில் நின்றுகொண்டு கேட்டாள். அங்கே கிடந்த நாற்காலிகள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பியிருந்தன. அண்ணனின் மீன் தொட்டியைப் பார்த்து.

ஒரு நாற்காலியைத் தூக்கி அவளுக்காகத் திருப்பிப் போட்டேன். அது சுவரைப் பார்த்து நின்றது. மைனி அதில் உட்கார்ந்து, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு மழைக்காலம் ஒன்று வந்து போய்விட்டது. இந்தச் சனிக்கிழமை காலையில் அதே அறையில் நின்று, "அப்பா வந்தா எங்க உக்கார வைக்க?" என்று அண்ணனிடம் கேட்டாள்.

"தொட்டிக்கு முன்னாலதான். வேற எங்க?" என்றான் எஸ்றா அண்ணன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

மைனியின் அப்பா ஜெயசிங் மாமா நாசரேத்திலிருந்து வருவதாக இருந்தது. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சாத்தான்குளத்துப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியைப் பார்த்துக்கொள்கிறார். அவர் மகளைப் பார்க்க மட்டும் வரவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போகவும்தான்.

அது மைனியின் யோசனை. போன வாரம் சாப்பிடும்போது சொன்னாள். விடுதியில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வேண்டுமாம். தங்க இடம், சாப்பாடு, கொஞ்சம் சம்பளம். காலை ஜெபத்தில் பிள்ளைகள் முன்னால் நின்று வேதம் வாசிக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்பில் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார்கள். நின்றேன். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

"இங்கன ஒத்தையாக் கெடக்கா. அங்க நாலு பேரோடப் பழகுவா. அவ நல்லதுக்குத்தான் சொல்லுதேன்" என்றாள் மைனி. உண்மையாகத்தான் சொன்னாள். என் பாவாடை தாவணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துத் தகரப்பெட்டியில் அடுக்கியதும் அவள்தான்.

அப்போது அண்ணன் சொன்ன ஒரே பதில், "தொட்டிய யாரு பாப்பா?"

அம்மாவும் அப்பாவும் போனபிறகு எனக்கு இருக்கிற ஒரே வீடு இது. அந்த வீட்டில் எனக்கு இருக்கிற ஒரே வேலை அந்தத் தொட்டி.

ஹார்பரில் வேலை பார்க்கும் அண்ணனுக்கு ஒரு கப்பலின் என்ஜினியர் பழக்கமானார். தன் அறையில் கடல் மீன் வளர்த்தவர். கப்பல் புறப்படும்போது சின்னக் காற்று மோட்டார் ஒன்றை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை வைத்துக்கொண்டு அண்ணன் இரும்புச் சட்டம் அடித்து, கண்ணாடி பொருத்தி, கசியாமல் மக்கு வைத்து, கடற்கரையிலிருந்து தண்ணீரும் மணலும் கொண்டு வந்தான். முதலில் வந்த மீன்களை வாளியிலிருந்து நேராகத் தொட்டிக்குள் கவிழ்த்தான். சாயங்காலத்துக்குள் எல்லாம் மல்லாந்துவிட்டன.

அண்ணன் அழாத குறை. நான்தான் யோசித்தேன். வெயிலில் வந்த வாளித் தண்ணீர் சூடு. தொட்டித் தண்ணீர் குளிர்ச்சி. உப்பும் இரண்டிலும் ஒன்றுபோல் இருக்கவில்லை. நாக்கில் வைத்தாலே தெரிந்தது. அடுத்த தடவை வந்ததை நிழலில் வைத்து, தொட்டித் தண்ணீரை ஒரு தம்ளர் மொண்டு வாளியில் விட்டேன். போய்ப் பாத்திரம் தேய்த்தேன். வந்து இன்னொரு தம்ளர் விட்டேன். போய் வீடு பெருக்கினேன். இப்படி அரை நாள் ஆனது. பிறகு கையால் தண்ணீரோடு சேர்த்து ஏந்தி உள்ளே விட்டேன்.

அவை பிழைத்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். பெரியது ஒன்று, சிறியது ஒன்று. நான் அவற்றைப் பெரியவள், சின்னவன் என்று மனதுக்குள் கூப்பிடுவேன்.

அதன்பிறகு ஒரு பவளக்கல், கொஞ்ச நாள் கழித்து ஒரு சங்கு நண்டு. ஒன்று வந்து இரை எடுக்கத் தொடங்கிய பிறகுதான் அடுத்தது. நான் வாய்விட்டுச் சொல்லாமலேயே அண்ணனும் அதற்கு ஒத்துக்கொண்டிருந்தான்.

இந்தச் சனிக்கிழமை வரைக்கும்.

காலையில் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. ரோச் அண்ணன். சங்கு குளிக்கிறவர். தீவுப் பக்கம் போய்விட்டு வரும்போது எங்களுக்கு ஏதாவது கொண்டு வருவார். வழக்கமாகக் கையில் ஒரு தூக்குவாளி இருக்கும். இன்று கேரியரில் இரண்டு பெரிய வாளிகள், ஹேண்டிலில் ஒன்று.

"அண்ணாச்சி, பாதிக் கடல அள்ளிட்டு வந்துட்டேன். மிச்சத்த நாளைக்குக் கொண்டாரேன்" என்றார்.

நான் மூடியைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் கடல் பூ. ஊதா நுனி வைத்த விரல்கள் எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, முஷ்டி மடக்கியது போல இருந்தது. இன்னொன்றில் நட்சத்திர மீன்கள், நீலத்தில் ஒரு குட்டி மீன் கூட்டம். மூன்றாவதில் தடித்த கறுப்பாக ஒரு கடல் அட்டை.

"இதயுமா?" என்றேன். எனக்கே கேட்காத சத்தத்தில்.

"அண்ணாச்சிதான் கேட்டாரு தங்கச்சி. இத வேக வச்சிக் காயப்போட்டு அனுப்பினா சிங்கப்பூர்க்காரன் கொத்திட்டுப் போவான். உங்கண்ணன் என்னடான்னா கண்ணாடிக்குள்ள கட்டில் போட்டுப் படுக்க வைக்காரு."

மைனி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினாள். "அய்ய, என்ன இது சளி சளியா?"

"மைனி, அதத் தொடாதிய. கோவம் வந்தா கொடலயே கக்கிப்புடும்" என்று ரோச் அண்ணன் சிரித்தார். அது அவருடைய வழக்கமான கதைகளில் ஒன்று என்று மைனி நினைத்திருக்க வேண்டும். முன்பு ஒருமுறை, தாடி வைத்த மீன் ஒன்று தன்னிடம் நேரம் கேட்டதாகவும் சொன்னவர் அவர்.

அவர் போனபிறகு நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல், "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் தீபம்" என்றான்.

மூன்று வாளிகளையும் பின்பக்கம் முருங்கை நிழலில், துவைக்கிற கல் ஓரமாக வைத்தேன். முதல் தம்ளர் தண்ணீர் விட்டேன். மைனி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் எதாவது செய்யட்டா?"

அவள் தொட்டி விஷயத்தில் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தது. இல்லை, நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு தம்ளராக விட வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அண்ணன் வாசலிலிருந்து கூப்பிட்டான். இத்தனை உயிருக்குப் புதுத் தண்ணீர் வேண்டும், கடற்கரைக்குப் போய் இரண்டு கேன் பிடித்து வருவோம் என்றான். கேனைப் பிடித்துக்கொள்ள நான் வேண்டும். மைனியிடம் தம்ளரைக் காட்டினேன். வாளியைக் காட்டினேன். அவள் தலையை ஆட்டினாள்.

சைக்கிளில் போகும்போது அண்ணன் பேசிக்கொண்டே வந்தான். எதிர்க்காற்றில் பாதி வார்த்தைகள்தான் என்னிடம் வந்து சேர்ந்தன.

"மாமா வந்து உக்காந்து பாக்கட்டும். பூ விரிஞ்சு, மீனெல்லாம் சுத்திச் சுத்தி வந்து… மனுசன் அசந்து போவாரு. 'இத யாரு மாப்ள பாக்கா?'ம்பாரு. 'எந்தங்கச்சி'ம்பேன். பொறவு எந்த வாயால உன்னக் கூட்டிட்டுப் போறேம்பாரு?"

நான் கேனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்படியென்றால் இந்த வாளிகள் எல்லாம் எனக்காக. என்னை வீட்டில் வைத்துக்கொள்ள அண்ணன் ஒரு காரணம் தேடியிருக்கிறான். தங்கச்சி என்பதே போதும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அது அவன் தப்பு இல்லை. கல்யாணமானபிறகு ஒரு ஆண் தன் வீட்டுக்குள் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது போலும்.

"ஒண்ணொண்ணா விட்டாத்தாண்ணே பொழைக்கும்" என்றேன்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

ஹார்பரைத் தாண்டி, தண்ணீர் தெளிவாக இருக்கிற இடமாகப் பார்த்து இடுப்பளவு இறங்கிப் பிடித்தோம். அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி என் மேல் தண்ணீர் அடித்தான். அம்மா இருந்தபோது அப்படி அடிப்பான்.

திரும்பி வந்தபோது வாசலில் மாமாவின் செருப்பு கிடந்தது. முன் பஸ் கிடைத்து, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பின்பக்கக் கொடியில் அவருடைய துண்டு ஈரமாகத் தொங்கியது. தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா தீபம். ஆத்தூர்ல பஸ் நின்னுச்சு, வெத்தலக்காரன் என்னைய விட மாட்டேனுட்டான். உங்க ஊருல எல்லாம் இருக்கு, குடிக்கத் தண்ணியும் மெல்ல வெத்தலையும்தான் கெடையாது."

நான் சிரித்தேன்.

"உங்க மைனி பின்னால மீன் கழுவிக்கிட்டிருந்தா. நானும் கால் கழுவிட்டு நின்னு பாத்தேன். எம் மக படிப்புல சுமாரு, மீன் கழுவுறதுல ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார்.

அண்ணன் அப்போது வெளியே சைக்கிளிலிருந்து கேனை இறக்கிக்கொண்டிருந்தான். மதியக் குழம்புக்குச் சீலா மீன் வாங்கியிருந்தோம். மாமா அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பின்பக்கம் போனேன்.

வாளிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. தண்ணீர் மட்டம் கூடியிருந்தது. மைனி தம்ளர் தம்ளராக விட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். கடல் பூ இன்னும் மூடியே கிடந்தது. தொட்டேன். வழக்கமாக விரலைப் பிடித்து இழுக்கும். இது பிடிக்கவில்லை.

"அண்ணே, இன்னும் கொஞ்ச நேரம் போவட்டும்."

"மாமா உக்காந்திருக்காருளா" என்று அண்ணன் கிசுகிசுத்தான். "எல்லாத்தயும் விட்டிரு."

விட்டோம். பூவைக் கல்லின் மேல் வைத்தேன். நட்சத்திர மீன்களை மணலில். நீலக் குட்டிகளைக் கையால் ஏந்தி. கடைசியாக அண்ணன் கடல் அட்டையைத் தூக்கி உள்ளே வைத்தான்.

மாமா முன்னால் குனிந்தார். "அடேயப்பா. ஆண்டவர் ஆழத்துல போயி என்னென்ன செஞ்சு வச்சிருக்காரு பாரேன்! இத யாரு மாப்ள பாக்கா?"

அண்ணனின் முகம் மலர்ந்தது. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். "எந்தங்கச்சிதான் மாமா. எல்லாம் அவ கைதான். அவ ஒரு நாள் இல்லேன்னா இது அம்புட்டும் போச்சு."

"அப்படியா? வாய் திறக்காத பிள்ள இம்புட்டுச் செய்யுதாளா?" மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்போது வேறு மாதிரியான பார்வை. "அப்போ இவளக் கூட்டிட்டுப் போனா உங்க கடல் வத்திரும்ங்கிய."

"அதத்தான் மாமா சொல்லுதேன்."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். "யோசிப்போம், யோசிப்போம். மொதல்ல எம் மக சாப்பாட்டச் சாப்பிடுவோம்."

எனக்குக் கால் தரையில் இல்லை. அப்போதுதான் பெரியவள் மேலே வந்தாள். தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயை வைத்து, திறந்து திறந்து மூடினாள். பின்னாலேயே சின்னவன்.

நான் கீழே பார்த்தேன். கடல் அட்டை சுருங்கிப் பந்தாகியிருந்தது. அதன் பின்பக்கத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல்கள் வந்துகொண்டிருந்தன. அரிசி வடித்த கஞ்சியைக் கொட்டியது போலத் தண்ணீர் கலங்கியது. ரோச் அண்ணன் சொன்னது கதை இல்லை.

"அண்ணே!"

நீலக் குட்டிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. நட்சத்திர மீன் ஒன்றின் கை தளர்ந்து தொங்கியது. அண்ணன் முழங்கை வரை கையை விட்டு அட்டையை வெளியே எடுத்தான். அது பாதியில் பிய்ந்தது. நான் வலையால் பெரியவளையும் சின்னவனையும் பிடித்துப் புதுத் தண்ணீர்க் கேனில் போட்டேன். பெரியவள் ஒருதரம் வாலை அடித்தாள். அவ்வளவுதான்.

"என்ன மாப்ள, என்னாச்சு?" என்று மாமா எழுந்து நின்றார்.

கடல் பூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பாறையைப் பிடிக்கும் அடிப்பாகத்தின் மடிப்பில் மஞ்சள் ஏறியிருந்தது. மோந்து பார்த்தான்.

"மஞ்சள்" என்றான். "மஞ்சப்பொடி! இதப் போயி யாரு மஞ்சத் தண்ணியில கழுவினா?"

வாளிகளோடு நாங்கள் விட்டுவிட்டுப் போனது மைனியை மட்டும்தான். இன்னொரு வாளி எடுக்கப் போவதுபோல் அடுக்களைக்குள் ஓடினேன்.

மைனி அடுப்புக்கு முன்னால் நின்றாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கிண்டவில்லை. அவளுக்குப் பக்கத்தில் பித்தளைக் குடம் காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. காலையில் தெருக்குழாயில் நின்று, சண்டை போட்டு, நாங்கள் இருவரும் பிடித்து வைத்த நல்ல தண்ணீர்க் குடம். நாளைக்கும் சேர்த்துக் குடிக்க வைத்தது.

"தீபம்" என்றாள். "சளி சளியா இருந்துச்சுளா. அப்பா வார நேரம், நாத்தம் அடிக்கும்னு… எங்க ஊருல சைக்கிள்ள கூடைய வச்சு மீன் கொண்டாருவான். உப்பும் மஞ்சளும் போட்டு ஒரசாம எங்கம்மா வாசப்படி ஏத்த மாட்டா. அப்படித்தான் செஞ்சேன். பொறவு நல்ல தண்ணியில அலசி, திரும்பவும் அந்த வாளியிலயே விட்டேன்."

"நல்ல தண்ணியிலயா?"

"பொறந்ததுல இருந்து உப்புத் தண்ணியிலயே கெடக்குதேன்னு பாவமா இருந்துச்சு. ஒரு தடவையாச்சும் நல்ல தண்ணியப் பாக்கட்டும்னு…"

குடத்தை நிமிர்த்தி வைத்தாள்.

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. மைனி வந்த முதல் மாதத்திலேயே அவள் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வயிற்றுக்கும் சேரவில்லை. ஒருநாள் சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றதைப் பார்த்திருக்கிறேன். "பழகிரும்" என்று அண்ணன் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன். வாளியில் வந்ததற்கெல்லாம் தம்ளர் தம்ளராகத் தண்ணீர் விட்டுப் பழக்கியவள் நான். இவளை வந்த அன்றே அடுக்களைக்குள் விட்டுவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம்.

அவள் எங்கள் தொட்டியை முதல்முதலாகத் தொட்டாள். தொட்டபோது, தன்னிடம் இருந்ததிலேயே நல்லதைக் கொடுத்திருக்கிறாள்.

அண்ணன் அடுக்களை வாசலில் வந்து நின்றான். கையில் அந்தப் பூ. அவன் தோளுக்குப் பின்னால் மாமாவின் முகம்.

"கேக்குதேன்ல? யாரு கழுவினா?"

மைனியின் வாய் திறந்தது. அவள் கண் அண்ணனைப் பார்க்கவில்லை. அவளுடைய அப்பாவைப் பார்த்தது. வாய் அப்படியே நின்றது. ஒன்பதாம் வகுப்பில் எனக்கு நின்றதே, அதே மாதிரி.

"நான்தான்" என்றேன்.

பள்ளிக்கூடத்தில் வராத சத்தம் அன்று வந்தது. மூன்று பேருக்கும் கேட்கும்படி தெளிவாக வந்தது. பொய்யாக வந்தது.

"நீயா?" அண்ணன் நம்பவில்லை. "நீ என்கூடத்தான கடலுக்கு வந்த?"

"அதுக்கு முன்னாலண்ணே. நீ சைக்கிளுக்குக் காத்து அடிச்சிக்கிட்டிருந்த. சளியா இருந்துச்சு. கழுவினா நல்லதுன்னு நெனச்சேன்."

"நீயாளா?" இந்தத் தடவை குரல் இறங்கிவிட்டது. "ஒரு தம்ளர் கூடுதலா விட்டாலே பதறுவ. நீயா இப்படிச் செஞ்ச?"

நான் தலையை ஆட்டினேன். கண்ணை எடுக்காமல் ஆட்டினேன். எடுத்தால் கண்டுபிடித்துவிடுவான்.

அண்ணன் பூவை அடுக்களைத் திண்டின் மேல் வைத்தான். போட்டிருக்கலாம். வைத்தான். பிறகு சொன்னான், "இவ்வளவு நேரம் மாமாகிட்ட உன்னயப் பத்தி நான் என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? இனிமே என்னத்தச் சொல்லி உன்ன இங்க வைப்பேன்?"

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாமா" என்று திரும்பினான். "நீங்க சொன்னபடியே கூட்டிட்டுப் போங்க. அங்கனயாவது நாலு வெவரம் தெரியட்டும்."

உள்ளே போய், கட்டிலுக்கடியில் இருந்து என் தகரப்பெட்டியை இழுத்து வந்து முன்னறையில் வைத்தான். தரையில் அது உரசிய சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. தொட்டியில் காற்று மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கலங்கிய தண்ணீருக்குள் குமிழிகள் மட்டும் வந்தன.

மாமா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் மகளைப் பார்த்தார்.

பின்பக்கம் கால் கழுவிவிட்டு நின்று அவர் பார்த்தது என்னவென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சீலா மீனை அல்ல, வாளியில் வந்தவற்றை. எது எந்த மீன் என்று தெரியாமல், மகளின் கைவேலையைப் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"மணி?" என்றார்.

"என்னப்பா?"

"சொல்லுறதுக்கு ஒண்ணுமில்லையா?"

மைனி முந்தானையை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். "இலை போடட்டுமா?" என்றாள்.

மாமா பின்பக்கம் போனார். கொடியில் இருந்த துண்டை எடுத்தார். இன்னும் ஈரமாக இருந்தது. அதை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்தார். முன்னறைக்கு வந்து குடையை எடுத்துக்கொண்டார்.

"மாமா, சாப்பிடாமலா?" என்றான் அண்ணன் பதறி.

அவர் வாசல் பக்கம் திரும்பி நின்றார்.

எங்கள் வீடுகளில் யாரும் ஜெபம் பண்ணாமல் பயணம் புறப்படுவதில்லை. வீட்டுக்குப் பெரியவர் புறப்படுகிறார் என்றால் அவரே ஜெபிப்பார். போகிற வழிக்கும், இருக்கிற வீட்டுக்கும், கூடப் போகிறவர்களுக்கும் சேர்த்து. எங்கள் கல்யாணங்களில் ஜெயசிங் மாமாவின் ஜெபம் முடிவதற்குள் குழம்பு ஆறிவிடும் என்று கேலி பண்ணுவார்கள்.

நான் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் கையைக் கட்டினான். மைனி தலையில் முக்காடு இழுத்துக்கொண்டாள். மூன்று பேரும் தலை குனிந்து கண்ணை மூடினோம்.

காத்திருந்தோம்.

தெருவில் ஒரு லாரி போனது. அடுக்களையில் குழம்பு பொங்கி நெருப்பில் விழுந்து சுர்ரென்றது. யாரும் அசையவில்லை. மாமா தொண்டையைச் செருமுவார், "பரலோகப் பிதாவே" என்று தொடங்குவார் என்று காத்துக்கொண்டே இருந்தேன். தொடங்கவில்லை.

கண்ணைத் திறந்தேன்.

வாசலில் செருப்பு இல்லை. கேட் திறந்து கிடந்தது. என் பெட்டி என் காலடியிலேயே இருந்தது. அண்ணனும் கண்ணைத் திறந்து, ஒன்றும் விளங்காமல், காலி வாசலைப் பார்த்தான்.

மைனி மட்டும் இன்னும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். தெருமுனையில், வெயிலில் குடையைக்கூட விரிக்காமல், மாமா திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்.